58 வயதும் கணக்கு முடிப்பும்: கொங்கு ஆலைகளில் ஓய்வு, பணிக்கொடை, பென்ஷன்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வட்டாரத்தில் ஸ்பின்னிங் மில்லானாலும் பவுண்டரியானாலும் பம்ப் கம்பெனியானாலும் ஒரு பேச்சு பொதுவாகக் கேட்கும்: "58 ஆயிருச்சுங்க, கணக்கு முடிச்சுக்கலாம்." சொல்பவரும் கேட்பவரும் இதைச் சட்டம் என்றே நம்புகிறார்கள். தனியார் துறைத் தொழிலாளி இத்தனை வயதில் வேலையை விட்டு இறங்க வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழக அரசு ஊழியர்களுக்கு 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. அது அரசு தன் ஊழியர்களுக்கு வைத்துக்கொண்ட விதி. மில்லையோ பனியன் கம்பெனியையோ அது கட்டுப்படுத்தாது.

தனியார் ஆலைகளில் 58 இவ்வளவு ஆழமாகப் பதிந்ததில் 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் பென்ஷன் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அலுவலகம் 58 வயதில் பென்ஷன் தருகிறது. அன்றோடு பென்ஷன் கணக்குக்குப் பணம் பிடிப்பதும் நிற்கிறது. பென்ஷன் வாங்கத் தகுதி வருகிற வயதை, வேலையை விட்டே தீர வேண்டிய வயதாக ஆலைகள் எடுத்துக்கொண்டன. இரண்டும் வேறு வேறு. 60 வயது வரை வேலை தரும் கம்பெனியில் இருப்பவர் 58 முடிந்ததும் வேலையில் இருந்துகொண்டே பென்ஷன் வாங்கலாம். 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும்.

அப்படியானால் ஓய்வு வயதை எது தீர்மானிக்கிறது? எழுத்து. ஆலையின் நிலையாணை (ஸ்டாண்டிங் ஆர்டர் எனப்படும் வேலை விதிகள்), தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம், பணி நியமனக் கடிதம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றில் வயது எழுதப்பட்டிருக்க வேண்டும். 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளுக்குச் சான்றளிக்கப்பட்ட நிலையாணையைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் அதை வாசலருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் சொன்னது. பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான தொழில் உறவுத் தொகுப்பு அந்த 100ஐ 300 ஆக்கிவிட்டது. கொங்கு நாட்டின் நடுத்தர ஆலைகள் பலவற்றுக்கு இனி நிலையாணை கட்டாயமில்லை என்பது இதன் பொருள். அதே நாளில் வந்த இன்னொரு தொகுப்பு எல்லாத் தொழிலாளருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. ஆகவே சிறிய ஆலைகளில் ஓய்வு வயது இனிமேல் அந்தக் கடிதத்தில்தான் வந்து உட்காரும். கையெழுத்துப் போடும்முன் அந்த வரியைப் படிக்க வேண்டும். கடிதத்தின் நகலும் கையில் இருக்க வேண்டும்.

எங்கேயும் எழுதாமல் வயதைக் காரணம் காட்டி அனுப்பினால் என்ன ஆகும்? 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் ஆட்குறைப்பு எது என்று விளக்கும்போது ஓய்வை அதிலிருந்து விலக்கியது; ஆனால் வேலை ஒப்பந்தத்தில் ஓய்வு வயது குறிக்கப்பட்டிருந்தால்தான் அந்த விலக்கு. குறிப்பு இல்லையென்றால் 58 வயதுக்காரரை அனுப்பியதும் ஆட்குறைப்புதான் என்று வாதாட இடம் கிடைத்தது. ஆட்குறைப்பென்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். இது பணிக்கொடைக்கு (கிராச்சுட்டிக்கு) மேல் வருவது. 20 ஆண்டு உழைத்தவருக்கு இது பெரிய தொகை. "எங்க மில்லுல எப்பவும் அப்படித்தான்" என்ற வழக்கத்தை மட்டும் நம்பி ஆளை அனுப்பும் நிர்வாகங்கள் இந்த இடத்தில்தான் தொழிலாளர் நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டன.

வயதே குறிக்காமல் வேலைக்கு எடுத்துவிட்டு, பிற்பாடு நிலையாணையில் ஒரு வயதை நுழைப்பதும் நடக்கிறது. இந்தக் கேள்வி பழையது. கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் வழக்கில் ஆலை பின்னால் கொண்டுவந்த நிலையாணை 55 வயது என்றது. முன்பே வேலையில் இருந்தவர்களுக்கு அது நியாயமல்ல என்று கண்ட உச்ச நீதிமன்றம், 1959இல் அவர்களுக்கு 60 என்று வைத்தது. 1966இல் பிரிட்டிஷ் பெயின்ட்ஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: மக்களின் உடல்நலம் மேம்பட்டிருக்கிறது, ஆயுள் கூடியிருக்கிறது, எனவே 60 நியாயமான வயது என்றது. அன்றைக்கே 60 நியாயம் என்று பட்டிருக்கும்போது, அறுபது ஆண்டு கழித்தும் 58ஐப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. பவுண்டரியில் உலைப்பக்கம் நிற்கும் மோல்டருக்கு 58 தாமதம்கூட. டூல் ரூமிலும் செக்கிங்கிலும் குடோனிலும் இருப்பவருக்கு அதே வயது அவசரம். எல்லாருக்கும் ஒரே கோடு போடும்போது இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது. கடினமான பிரிவுகளில் இருப்பவர்களுக்கு 50 தாண்டியதும் எளிய பிரிவுக்கு மாறும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். வெறும் வயதைப் பற்றிய பேரத்தைவிட அது பலன் தரும்.

வயதை எழுதிவிட்டாலும் பிறந்த தேதி சரியாக இருக்க வேண்டும். பழைய மில் தொழிலாளர் பலருக்குப் பள்ளிச் சான்றிதழ் கிடையாது; வேலைக்குச் சேரும்போது நேரக்காப்பாளர் உத்தேசமாக எழுதிய வயதே சர்வீஸ் பதிவேட்டில் நிற்கிறது. ஆதாரில் ஒரு தேதி, பி.எஃப். கணக்கில் ஒரு தேதி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டையில் ஒரு தேதி என்று இருப்பது சாதாரணம். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது திருத்தம் கேட்டு வழக்குப் போட்டால் பெரும்பாலும் தோற்கும். பணிக்காலத்தின் கடைசியில் பிறந்த தேதியை மாற்றக் கேட்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 2024 ஜனவரியில் பி.எஃப். நிறுவனம் பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஆதாரை ஏற்பதை நிறுத்தியது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் போன்றவை வேண்டும். 45 வயதிலேயே மூன்று பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்வது நல்லது.

இனி, இந்த வட்டாரத்தில் தொழிலாளி அதிகம் இழக்கும் இடத்துக்கு வருவோம். வெள்ளிக்கிழமை 58 முடிந்து கணக்கு முடிக்கிறார்கள். திங்கட்கிழமை அதே ஆள், அதே மெஷின், அதே ஷிஃப்ட். ஆனால் இப்போது கான்ட்ராக்டரின் பதிவேட்டில், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. கை பழகிய ஆள் வேண்டும், பழைய சம்பளம் வேண்டாம் என்பது நிர்வாகத்தின் கணக்கு. வேலை கிடைத்ததே போதும் என்பது தொழிலாளியின் நிலை. ஓய்வு பெற்றவரைத் திரும்ப வேலைக்கு எடுப்பதில் சட்டத் தடை இல்லை. ஆனால் உழைப்பின் விலை வயதால் குறைவதில்லை. குறைந்தபட்சக் கூலி விதிகளில் 58க்கு மேற்பட்டோருக்கென்று தனிக் குறைந்த விகிதம் கிடையாது. இ.எஸ்.ஐ.க்கு மேல் வயது வரம்பு இல்லை. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் பிடித்தே ஆக வேண்டும். போனஸும் உண்டு.

பி.எஃப்.பில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைத் தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள். 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்று முழுத் தொகையையும் எடுத்துவிட்டவர் பி.எஃப். சட்டத்தின் பார்வையில் விலக்கப்பட்ட ஊழியர். மறுபடி வேலைக்கு வந்தால் அவருக்குப் பி.எஃப். பிடிப்பது கட்டாயமல்ல. பணத்தை எடுக்காமல் தொடர்பவருக்குப் பிடித்தம் தொடரும். அப்போது முதலாளி பங்கில் பென்ஷனுக்குப் போன 8.33 சதவீதமும் சேர்ந்து முழு 12 சதவீதமும் பி.எஃப். கணக்கிலேயே விழும். இன்னும் இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்யப்போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தால், அவசரத் தேவை இல்லாதவர் பி.எஃப்.பை எடுக்காமல் இருப்பதே லாபம். வேலையை முழுதாக விட்ட பிறகு மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மேல் கணக்கு செயலற்றதாகி வட்டி நின்றுவிடும்.

கணக்கு முடிக்கும் நாளில் பெரிய தொகை கிராச்சுட்டி, அதாவது பணிக்கொடை. 10 பேர் வேலை செய்த எந்த ஆலைக்கும் கடைக்கும் இது பொருந்தும். ஒரு தடவை பொருந்திய பிறகு ஆள் எண்ணிக்கை 10க்குக் கீழே இறங்கினாலும் பொறுப்பு போகாது. ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். கடைசிச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் மிஞ்சினால் முழு ஆண்டு. உச்ச வரம்பு 20 லட்சம் ரூபாய்.

நூற்பு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ரிங் பிரேம் சைடரை எடுத்துக்கொள்வோம். அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000 ரூபாய், பணிக்காலம் 27 ஆண்டு 7 மாதம். ஏழு மாதம் ஓர் ஆண்டாகி 28 ஆகும். தொகை 2,42,308 ரூபாய். 26க்குப் பதில் 30ஆல் வகுத்தால் 2,10,000 ரூபாய்தான் வரும். 32,308 ரூபாய் போய்விடுகிறது. செட்டில்மென்ட் தாளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வகுக்கும் எண்ணை. அடுத்தது ஆண்டுகளை. டிரெய்னியாக, பதிலியாக, கேஷுவலாக ஓடிய காலத்தை நீக்கி, நிரந்தரம் ஆன தேதியிலிருந்து எண்ணுவது பழக்கமான தவறு. ஓர் ஆண்டில் 240 நாள் வேலை நடந்திருந்தால் அது தொடர்ச்சியான ஓர் ஆண்டு. பதிவேட்டில் என்ன பெயர் இருந்தது என்பது பொருட்டல்ல. சட்டப்படியான அப்ரென்டிஸ் காலம் மட்டும் விலக்கு. சம்பளத்தோடு கூடிய விடுப்பு, லே-ஆஃப் (வேலை இல்லை என்று ஆலை தற்காலிகமாக நிறுத்திவைத்த நாட்கள்), வேலையில் பட்ட காயத்துக்கான விடுப்பு, பேறுகால விடுப்பு எல்லாம் அந்த 240இல் சேரும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்தவருக்கும் தகுதி உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் சொல்லியிருக்கிறது.

பீஸ் ரேட் ஆட்களுக்கு, அதாவது செய்து முடித்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்களுக்கு, கணக்கு வேறு. ஓவர்லாக், பேட்லாக் டெய்லருக்கு வேலையை விடுவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வாங்கிய மொத்தக் கூலியிலிருந்து நாள் சராசரி எடுத்து, அதை 15ஆலும் ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். ஓவர்டைம் சேராது. ஆர்டர் இல்லாத மாதங்கள் அந்த மூன்றாக அமைந்தால் சராசரி இறங்க வாய்ப்புண்டு. எனவே கடைசி மூன்று மாதக் கூலிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதும், தானாக வேலையை விடுபவர் தேதியை யோசித்துத் தேர்ந்தெடுப்பதும் அவசியம்.

ஓய்வு தேதி முன்பே தெரிந்திருப்பதால் 30 நாள் முன்பே விண்ணப்பம் கொடுத்துவிடலாம். கொடுக்காவிட்டாலும் கணக்கிட்டுத் தருவது நிர்வாகத்தின் கடமை. 30 நாளுக்குள் தர வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி. தராவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் 90 நாளுக்குள் மனு. அதிகாரியின் உத்தரவை எதிர்த்து நிர்வாகம் மேல்முறையீடு போக வேண்டுமென்றால் முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். வாங்கிய அட்வான்ஸைக் கிராச்சுட்டியில் கழித்துக்கொள்வதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீதிமன்ற ஜப்தியிலிருந்தே இந்தப் பணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தொகை எழுதாத தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடக் கூடாது. ஒவ்வொரு தலைப்புக்கும் தொகை எழுதியிருந்தால், "கணக்குச் சரிபார்ப்புக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திடலாம்.

சம்பளத்தை எப்படிப் பிரித்து எழுதுகிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மொத்தம் 18,000 ரூபாய் வாங்குபவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் 7,000, மீதி வீட்டு வாடகைப் படி, பயணப் படி, வருகைப் படி என்று பிரித்துவிட்டால், 24 ஆண்டுக்குக் கிராச்சுட்டி 96,923 ரூபாய். 2025 நவம்பரில் வந்த தொகுப்புகள் ஊதியத்துக்குப் புது விளக்கம் தந்திருக்கின்றன: விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மேலே போன பகுதி ஊதியத்தோடு சேரும். அப்போது இவருக்கு ஊதியம் 9,000 ரூபாய். கிராச்சுட்டி 1,24,615 ரூபாய். மாதச் சம்பளம் ஒரு ரூபாய் கூடவில்லை. ஆனாலும் ஓய்வுத் தொகை 27,692 ரூபாய் கூடுகிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஐந்து ஆண்டு காத்திருக்காமல் ஓர் ஆண்டிலேயே விகிதப்படி பணிக்கொடை உண்டு என்பதும் அதே தொகுப்பில் வந்த நல்ல மாற்றம்.

முதலாளிகள் பக்கமும் ஓர் உண்மையான சிரமம் இருக்கிறது. 15 நாள் சம்பளத்தை 26ஆல் வகுத்து 12 மாதத்துக்குப் பரப்பினால் மாத ஊதியத்தில் 4.81 சதவீதம். அதை மாதா மாதம் ஒதுக்காத யூனிட், கடைசியில் மொத்தமாகத் தர வேண்டிய நாளில் திணறுகிறது. ஒவ்வொரு சம்பள உயர்வும் கடந்த எல்லா ஆண்டுகளுக்குமான பொறுப்பையும் ஏற்றுகிறது, ஏனென்றால் கணக்கு கடைசிச் சம்பளத்தில்தான். மேலும், புது ஷெட் திறந்தபோது ஒரே வயதில் ஒன்றாகச் சேர்த்த ஆட்கள் ஒன்றாகத்தான் 58ஐத் தொடுவார்கள். எல்.ஐ.சி.யின் குழுப் பணிக்கொடைத் திட்டம் போன்ற ஒன்றில் ஆண்டுதோறும் கட்டிவந்தால் இந்த நெருக்கடி வராது. அப்படிக் கட்டாத கம்பெனிகளில்தான் 'பிரேக்' விட்டு ஆளைப் புதிதாகச் சேர்த்ததாகக் காட்டும் தந்திரங்கள் தலைதூக்குகின்றன. முன்கூட்டியே ஒதுக்காதது நிர்வாகத்தின் தவறு. அதன் விலையைத் தொழிலாளி கொடுக்கக் கூடாது.

பென்ஷன் கணக்கு சுருக்கமானது. கடைசி 60 மாதச் சராசரி ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். ஊதிய வரம்பு 15,000 ரூபாய். 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500 ரூபாய்தான் வரம்பு. 2014 செப்டம்பரில் 47 வயதில் சேர்ந்து 58இல் இறங்குபவருக்கு 11 ஆண்டு. சராசரி 12,000 ரூபாய் என்றால் மாதம் 1,886 ரூபாய். அதே ஆளுக்குப் பி.எஃப். ஊதியத்தை 7,000 என்று காட்டியிருந்தால் 1,100 ரூபாய். 20 ஆண்டு முடித்தவருக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். தகுதிக்குப் பத்து ஆண்டு வேண்டும். ஒன்பதரை ஆண்டு இருந்தால் பத்தாக எடுத்துக்கொள்வார்கள். மில் மாறி மில் போனவர்கள் இந்தப் பத்தைத்தான் இழக்கிறார்கள். பழைய பி.எஃப். எண்களை இப்போதைய கணக்கோடு இணைக்காமல், இடையில் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் திரும்ப வராது. மாதம் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்பது 2014இலிருந்து அப்படியே நிற்கிறது, அரிசி விலை அப்படி நிற்கவில்லை. இதை உயர்த்தச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்பது நியாயமான கோரிக்கை.

பென்ஷனுக்குப் படிவம் 10-டி, பி.எஃப்.புக்குப் படிவம் 19. கணவன் மனைவி சேர்ந்த புகைப்படம், வங்கிக் கணக்கு, 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரம் தேவைப்படும். ஆலை வேலையை விட்ட தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பிடித்தத்துக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். பெயரின் இன்ஷியல் ஒரு இடத்தில் விரிந்தும் இன்னொரு இடத்தில் சுருங்கியும் இருப்பதால் டாக்டர் பாலசுந்தரம் சாலையிலுள்ள கோவைப் பி.எஃப். அலுவலகத்துக்கு அலைபவர்கள் ஏராளம். அதையும் 45 வயதுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிறு தொகைகளையும் விடக் கூடாது. நிதியாண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே அந்த ஆண்டுக்கு விகிதப்படி போனஸ் உண்டு. ஜூலையில் ஓய்வு பெற்றவருக்குப் போன ஆண்டின் முழுப் போனஸும் அடுத்த ஆண்டின் நான்கு மாதப் போனஸும் வர வேண்டும். தீபாவளிக்கு ஆலையில் பெயர் இல்லை என்பது காரணமாகாது. 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்த ஈட்டிய விடுப்புக்கும் பணம் உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேல் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைவருக்கும் மருத்துவம் தொடரும். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்தை மாதாமாதம் வாங்க இதுவே போதும். பலருக்கும் இது தெரியாமலே போகிறது, ஆலை மனிதவள அலுவலகங்கள் இதை ஓய்வுக் கடிதத்தோடு எழுதித் தர வேண்டும்.

இவை எதுவும் சென்று சேராத இடம் சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களும் திருப்பூரின் பவர் டேபிள் எனப்படும் சிறு தையல் கூடங்களும்தான். ஆறு பேர், எட்டு பேர் என்று பத்துக்குக் கீழே இருக்கும் கூடங்களில் பணிக்கொடை இல்லை. 20க்குக் கீழே என்பதால் பி.எஃப். இல்லை. அங்கே ஓய்வு வயதும் கிடையாது, கண் மங்கி நூல் தெரியாமல் போகும்வரை தறி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு இன்றைக்கு இருக்கும் வழி 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் இயங்கும் நல வாரியங்கள். விசைத்தறி நெசவாளருக்கும் தையல் தொழிலாளருக்கும் தனித்தனி வாரியம் உண்டு. 60 வயதில் மாத ஓய்வூதியம் தருகிறார்கள். 18 முதல் 60 வயதுக்குள் பதிந்திருக்க வேண்டும். பதிவைப் புதுப்பித்தும் வர வேண்டும். பதிவு காலாவதியாகி, 60 தாண்டிய பிறகு அலுவலகத்துக்குப் போனால் ஒன்றும் நடக்காது. 40 வயதுக்குட்பட்டவர்கள் இதோடு பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்திலும் சேரலாம். வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால் மத்திய அரசும் அதே அளவு போடுகிறது. 60இலிருந்து மாதம் 3,000 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உறுப்பினர்கள் சேர முடியாது. மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தறிக்கூடத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியே முதல் மாதத்தில் இந்த இரண்டு பதிவுகளையும் செய்துகொடுக்கும் வழக்கத்தை, கூலி உயர்வுப் பேச்சில் ஒரு ஷரத்தாகவே விசைத்தறிச் சங்கங்கள் வைக்கலாம்.